வடதுறை, தென்துறை: பூஜ்யம்

"வடதுறை, தென்துறை படகு. ஒரு வருஷத்து நாட்டம் பூஜ்யம்," என்று வாசித்தார் இருதயராஜ். மேசைமேல் விரிந்திருந்த ஒளிவரைபடத்தில் கழிமுகத்தின் இரண்டு கரைகளும் இருட்டிக் கிடந்தன.

குமுதவல்லி நிமிரவில்லை. கழிமுக மண்டலத்தின் அடுத்த முப்பது ஆண்டுப் போக்குவரத்துத் திட்டத்தில் எது முதலில், எது பிறகு, எது வேண்டவே வேண்டாம் என்று வரிசை போடும் முன்னுரிமை அலுவலர் அவள். ரயில், பேருந்து, படகு, தொங்குவண்டி, நடைபாலம் என்று பட்டியலில் நாற்பத்தொரு வேலைகள் இருந்தன. நாளை மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் முத்திரையிடப்படும். பூஜ்யம் வாங்கியது தானாகவே கழன்றுவிடும். அப்புறம் முப்பது வருஷத்துக்கு அதன் பேச்சை எடுக்க முடியாது.

அந்தக் காலத்தில் சாலையில் ஓடும் வண்டிகளை எண்ணித் திட்டம் போட்டார்கள். சாலை இருக்கிற இடத்தில்தானே வண்டி ஓடும்? ஓடுகிற இடத்துக்கே மேலும் மேலும் சாலை போட்டார்கள், இல்லாத ஊர் இல்லாத ஊராகவே கிடந்தது. இந்த அசட்டுத்தனத்துக்கு முடிவு கட்டியது நாட்டமானி. காதுமடலுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் உளுந்தளவுப் பொட்டு அது. 'அங்கே போக வேண்டும்' என்று ஒருவர் மனம் நிஜமாகவே விரும்பினால், ஆள் பெயரைச் சொல்லாமல், எங்கிருந்து எங்கே என்பதை மட்டும் மையத்துக்கு அனுப்பிவிடும். பேருந்தையே பார்த்திராத மலையூர்களுக்குத் தொங்குவண்டி வந்தது அதனால்தான். மண்டலமே அதைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. குமுதவல்லியும்தான்.

மானிகளைப் பராமரிக்கும் பொறியாளர் இருதயராஜ் தொண்டையைச் செருமினார். அவருக்கு ஓய்வுபெற இன்னும் நான்கு மாதம்தான். அதனால் கொஞ்ச நாளாக யாரிடமும் எதையும் கேட்டுவிடுவார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நீங்க இங்க வடதுறையில, உங்க அக்கா தென்துறையிலதானே இருக்காங்க? அப்ப ஒண்ணாவது காட்டணுமே?"

"எனக்குப் போகணும்னு இல்ல."

"சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி அவ பொண்ணு கல்யாணம். கூடப் பொறந்தவள போன்ல கூப்பிடுறா. ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் தாம்பாளத்தோட நேர்ல போய் அழைப்பு, எனக்குப் போன். நான் போகல. அவ வரட்டும்."

இருதயராஜ் வரைபடத்தைச் சுட்டிக்காட்டினார். "இந்த 'அவ வரட்டும்' இருக்கு பாருங்க, அத மானி எண்ணாது மேடம். அது அடுத்தவங்க பயணம்னு கழிவுல தள்ளிடும்."

"கழிவு எங்க இருக்கு?"

"இருக்கு. யாரும் தொறந்து பாத்ததில்ல."

திறந்தார். வரைபடம் ஒரு கணம் திணறியது. பிறகு வடதுறைக்கும் தென்துறைக்கும் நடுவே சிவப்புக் கோடு ஒன்று தடித்துத் தடித்து, கழிமுகத்தையே மூடிவிட்டது. மண்டலத்தின் எந்தக் கோடும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. எதிரெதிர்க் கரைகளில் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள் இரண்டும். ஒருவர் விடாமல் எல்லாரும் அடுத்த கரை முதலில் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

"இதச் சேத்துக்கலாம் இல்ல?" குமுதவல்லியின் குரல் இறங்கியிருந்தது.

"விதி இடம் கொடுக்காது மேடம். ரெண்டு கரையிலயும் காத்துக்கிட்டிருந்தா படகுல யாரு ஏறுவா? ஆனா போகணும்னு ஒரே ஒரு நாட்டம் பதிவானாப் போதும். பூஜ்யம் போயிடும், பட்டியல்ல நிக்கும்."

அன்று மதியம் குமுதவல்லி அறையைச் சாத்திக்கொண்டு, 'போகணும், போகணும்' என்று ஐம்பது முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது. மானியை ஏமாற்ற முடியாது என்று எத்தனையோ மேடைகளில் பெருமையாகப் பேசியவள் அவள். ஜன்னலுக்கு வெளியே தண்ணீருக்கு அந்தப் பக்கம் தென்துறையின் குடிநீர்த் தொட்டி தெரிந்தது. நேராகப் போனால் இரண்டே கிலோமீட்டர், தரைவழியில் சுற்றினால் ஐம்பத்தெட்டு.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் ரயில் ஏறினாள். கள ஆய்வு என்று அலுவலகத்தில் எழுதி வைத்தாள். தனக்குத் தானே சொல்லிக்கொண்டதும் அதையேதான்.

மும்முனைச் சந்திப்பில் இறங்கிப் பேருந்துக்கு ஓடினாள். பேருந்து போய் நான்கு நிமிடம் ஆகியிருந்தது. அடுத்தது இரண்டரை மணி நேரம் கழித்து. எதிர்த்திசையிலும் இதே கதைதான், பேருந்து வந்து சேர்வதற்கு நான்கு நிமிடம் முன்னால் ரயில் கிளம்பிவிடும். சென்ற பத்தாண்டுத் திட்டத்தில் இதைச் சரிசெய்யச் சொன்ன மனுவைக் கடைசிக்குத் தள்ளியவள் குமுதவல்லிதான். அங்கே மாறி ஏற விரும்புகிறவர்கள் மிகக் குறைவு என்று மானி சொல்லியிருந்தது. நடைமேடையில் இருந்த ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, வெயில் காலருகே வந்து, முழங்காலுக்கு ஏறி, மடிக்கு வரும்வரை காத்திருந்தாள். தன்னைத் தவிர யாரையும் திட்ட முடியவில்லை என்பது எரிச்சலாக இருந்தது.

அஞ்சுகம் கதவைத் திறந்தபோது மணி ஒன்று. முடி முழுக்க நரைத்திருந்தது. தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"வா உள்ள."

அவ்வளவுதான். ஒன்பது வருஷமாக மனசுக்குள் எழுதி வைத்திருந்த வசனமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. இறால் குழம்பு ஊற்றும்போதுதான் அஞ்சுகம் பேசினாள்.

"சுத்தியா வந்தே? அந்தச் சந்திப்புல பஸ்ஸ விட்டிருப்பியே."

"ஆமா. உனக்கெப்படித் தெரியும்?"

"நான் ரயில விட்டேனே." கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்தாள். "நான் உன்ன அழைக்க வரலன்னு நெனச்சியாடி? மொத அழைப்பே உனக்குத்தான். மடியில தாம்பாளத்த வெச்சுக்கிட்டு பஸ்ல வந்தேன். எறங்கறேன், தூரத்துல ரயிலு வால் தெரியுது. அடுத்த ரயிலுல வந்து உன்னப் பாத்துட்டுத் திரும்பினா ராத்திரியாயிடும். சாயங்காலம் பந்தக்கால் நடணும். அங்க ஒரு பெஞ்சு இருக்குமே, அதுல உக்காந்துதான் உனக்குப் போன் போட்டேன்."

குமுதவல்லியின் கை இலையில் அப்படியே நின்றது. "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்லக்கா?"

"எப்படிச் சொல்றது? நேரம் போட்டது உன் ஆபீசு. தங்கச்சியவே குத்தம் சொன்ன மாதிரி ஆயிடாதா? நீயாப் புரிஞ்சுக்கிட்டு வருவேன்னு பாத்தேன்."

குமுதவல்லி அழுதாள். ஐம்பத்து நான்கு வயது அரசாங்க அதிகாரி, சோற்றுக் கையோடு, மூக்கு சிந்தச் சிந்த அழுதாள். அஞ்சுகம் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, "காரம் ஜாஸ்தியா?" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கிளம்பும்போது அஞ்சுகம் வாசல்வரை வந்தாள். "நீ வந்துட்டே. இனிமே நான் வரலன்னா நல்லா இருக்காது. வியாழக்கிழமை வரேன்."

குமுதவல்லி தெருமுனைக்கு வருவதற்குள் அலைபேசி அடித்தது. இருதயராஜ் மூச்சு வாங்கினார். "மேடம், ஒண்ணு விழுந்துடுச்சு! தென்துறையிலேருந்து வடதுறைக்கு. மணி நாலு அஞ்சு."

"பட்டியல்ல நிக்குதா?"

"நிக்குது. நாப்பத்தியொண்ணுல நாப்பத்தியொண்ணாவது." கொஞ்சம் தயங்கினார். "படகு வர முப்பதாவது வருஷம் ஆகும்."

முப்பதாவது வருஷம் அக்காவுக்கு எண்பத்தெட்டு வயது. குமுதவல்லி திரும்பிப் பார்த்தாள். வாசலில் அஞ்சுகம் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. யாராவது வந்த பிறகுதான் போக வேண்டும் என்ற நாட்டமே பிறக்கிறது. வந்து போக வழி இல்லாத ஊரில் மானி என்னத்தை எண்ணும்? வண்டிகளை எண்ணியவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதே வேலையை அவளும் அவள் அலுவலகமும் மனசுகளை வைத்துச் செய்துகொண்டிருந்தார்கள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மடியில் பலகைக்கணினியைத் திறந்து ஓர் ஆணை எழுதினாள். 'மும்முனைச் சந்திப்பில் ரயிலும் பேருந்தும் ஒன்றுக்காக ஒன்று காத்திருந்து கிளம்ப வேண்டும். நாளை முதல்.' இதற்குப் பட்டியலும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம். முன்னுரிமை அலுவலரின் கையெழுத்து போதும். ஒன்பது ஆண்டுகளாகவே அந்தக் கையெழுத்து அவளிடம்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலை அஞ்சுகம் சந்திப்பில் பேருந்தை விட்டு இறங்கினாள். பழைய நினைப்பில், தாம்பாளத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அந்தப் பெஞ்சை நோக்கி நடந்தாள்.

"அம்மா, வடதுறையா? ஏறுங்க," என்று கூப்பிட்டார் ரயில் கார்டு. "உங்க பஸ்ஸுக்காகத்தான் நிக்கிறோம்."