மூன்று ஹாரன்

தீவின் மணலில் இருந்த காலடித் தடங்கள் எல்லாமே தண்ணீரை நோக்கிப் போயின. ஏறி வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

வந்தவர்கள் பின்பக்கமாக நடந்து வந்தார்களாக்கும் என்று தனக்குள் கேலி பேசியபடி அவள் ரப்பர் படகைக் கரையில் இழுத்துவிட்டு, மஞ்சள் மழைக்கோட்டைக் கழற்றித் துடுப்பின் மேல் போட்டாள். தபால் அலுவலகத்தில் லீவு சொல்லிவிட்டு, கணவனோடு மனம்விட்டுப் பேசலாம் என்றுதான் இந்த வேன் பயணத்துக்கு வந்தாள். நான்காம் நாளே இருவருக்கும் பேச எதுவும் இல்லை. ஒன்பதாம் நாள் இந்த ஏரி வந்ததும், தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள்.

"போயேன். கழுதை கெட்டா குட்டிச்சுவரு. எங்க சுத்தினாலும் இந்த வேனுக்குத்தானே வரணும்?" என்றான் அவன். "டீ ரெடியானா மூணு ஹாரன் அடிக்கிறேன். கேட்டா விசில் ஊது."

சுருக்கென்றது. ஆனாலும் விசிலை அவள் கழுத்தில் மாட்டிவிட்டது அவன்தான். அவன் விரல் பட்டு எத்தனை மாதமாயிற்று!

புதர்களை விலக்கி உள்ளே போகப் போக, காற்று நின்று, பூச்சிகளின் இரைச்சல் ஒவ்வொன்றாக அடங்கி, ஈரத் துணியைப் பல நாள் மூட்டைகட்டி வைத்தது போன்ற வாடை மட்டும் கனத்துக்கொண்டே வந்து, கடைசியில் வழி கூரையில்லாத ஓர் அறையில் முடிந்தது. தரையில் ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு ஃபிளாஸ்க், ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. ஏரியைப் பார்த்த ஜன்னலோரம், யார் யாரோ சாய்ந்து சாய்ந்து சுவர் வழவழவென்று தேய்ந்திருந்தது.

போதும், அவனிடம் போய்விடலாம் என்று இருந்தது. சண்டை போட்டாவது பேசலாம்.

மூன்று ஹாரன் கேட்டது. விசிலை வாயில் வைத்தாள். ஊதவில்லை.

அவள் படகை விட்டுவந்த கரையிலிருந்து ஒரு விசில் பதில் சொன்னது.

ஓடினாள். முள் கிழித்தது. மணல் வந்தது. படகு இல்லை. தண்ணீருக்குள் புதிதாக ஒரு தடம் இறங்கியிருந்தது. அவள் கால் அளவு.

படகு பாதி தூரம் போயிருந்தது. துடுப்பு வலிப்பவர் தீவைப் பார்த்தபடிதானே உட்காருவார்? மஞ்சள் கோட்டு. அதற்கு மேலே அவள் முகம்.

கத்தினாள். வெறும் காற்றுதான் வந்தது. நீச்சல் தெரியாது. முழங்கால் ஆழத்தில் நின்றாள்.

அசையாத தண்ணீர் ஒவ்வொரு சொல்லையும் கொண்டுவந்து சேர்த்தது.

"வந்துட்டியா? கழுதை கெட்டா..."

"குட்டிச்சுவரு," என்றது அவள் குரல். இருவரும் சிரித்தார்கள். அவன் அணைத்துக்கொண்டான்.

அவள் விசிலை ஊதினாள். மூச்சு முட்ட ஊதினாள்.

அவன் திரும்பினான். "என்ன சத்தம் அது?"

"ஏதோ பறவை. டீ ஆறுது, வா."

டீ குடித்தார்கள். படகின் காற்றைப் பிடுங்கிச் சுருட்டினார்கள். வேன் கிளம்பியது.

முன்சீட்டு ஜன்னலிலிருந்து ஒரு மஞ்சள் கை நீண்டு அவளுக்கு டாட்டா காட்டியது. சாலை திரும்பும்வரை காட்டிக்கொண்டே இருந்தது.