வெட்டாத குட்டை

"எலும்பு...! எலும்புங்க...!"

பொக்லைன் டிரைவர் அலறிக்கொண்டே இருக்கையிலிருந்து குதித்தான்.

சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள். கையிலிருந்த தட்டை நிதானமாக அலசினாள். கவிழ்த்து வைத்தாள். அப்புறம்தான் வெளியே வந்தாள்.

புருஷன் காணாமல் போய் நாலு வருஷம். எவளோடோ ஓடிப்போய்விட்டான் என்று கொழுந்தன் சொன்னான். ஊரும் அதையே சொன்னது. அழுது தீர்த்த பிறகு அவளுக்குள் எல்லாம் மரத்துப் போயிருந்தது. கோபம், பசி, பயம்... எதுவும் எட்டிப் பார்ப்பதில்லை.

வயலில், டவுனிலிருந்து காரில் வந்திருந்த கொழுந்தன் கத்திக்கொண்டிருந்தான்.

"மூடுய்யா! மண்ணைத் தள்ளி மூடு!"

"எப்படி சார் மூடறது...?"

"நாளைக்கு மானிய ஆபீஸர் வர்றாரு! வேற பக்கம் தோண்டு!"

அவன் கவலை அவனுக்கு. வயலில் மழைத்தண்ணீர் தேக்கப் பண்ணைக்குட்டை வெட்டியதாகச் சொல்லி, அண்ணன் பெயரில் வந்த அரசாங்க மானியத்தை என்றைக்கோ ஏப்பம் விட்டிருந்தான். குட்டையை மட்டும் வெட்டவில்லை. இப்போது திடீரென்று நேரில் பார்க்க வருகிறார்களாம்!

"மூட முடியாது சார். போலீஸுக்குப் போன் போட்டுட்டேன்!" என்றான் டிரைவர்.

ஜீப் வந்தது.

இன்ஸ்பெக்டர் குழிக்குள் இறங்கினார். மண்ணில் பாதி புதைந்திருந்த எலும்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏறி வந்து கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"யார் நிலம்?"

"எங்க அண்ணனோடது சார்," என்றான் கொழுந்தன்.

"அண்ணன் எங்க?"

"ஓடிப் போயிட்டான்."

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார். "அவர் போனதை நீங்க பார்த்தீங்களாம்மா?"

"இல்ல சார். காலையில எந்திரிச்சேன். ஆள் இல்ல. செருப்பு வாசல்லயே கிடந்துச்சு."

"வெறுங்காலோடவா ஓடினாரு?"

"அப்படித்தான் சொன்னாங்க."

"சரி... இந்த இடத்தைத் தோண்டச் சொன்னது யாரு?"

டிரைவர் கொழுந்தனைக் கை காட்டினான்.

"விஷயம் முடிஞ்சுது! புதைச்ச இடம் மறந்து, நீயே தோண்டிட்டே. ஏறு ஜீப்புல."

"சார்... இது அண்ணன் இல்ல சார்!"

"எலும்புல பேரா எழுதியிருக்கு?"

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார்.

"ஐயோ, அண்ணனை இங்க புதைக்கவே இல்ல சார்! பம்ப்செட் ரூம்ல... சிமென்ட் தரைக்குக் கீழ..."

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கான்ஸ்டபிள் பம்ப்செட் ரூமைத் திரும்பிப் பார்த்தார்.

"எதுக்குக் கொன்னே?" இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கேட்டார்.

"குட்டை வெட்டாம மானியம் வாங்கினது அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆபீஸ்ல சொல்லியே தீருவேன்னு நின்னான். பிடிச்சுத் தள்ளினேன்... தலை மோட்டார்ல போய்..."

அவள் தன் கால்களைப் பார்த்தாள்.

"தினமும் அந்தத் தரையில நின்னுதான் மோட்டார் போட்டேன்..."

யாரிடமும் சொல்லவில்லை. காற்றிடம் சொன்னாள். அழுகை வரவில்லை. உள்ளங்கால் மட்டும் சில்லிட்டது.

"அப்போ... இது யாரு?" டிரைவர் குழியைக் காட்டினான்.

"எங்க பசு," என்றாள் அவள். "கன்னு போடும்போது செத்துப் போச்சு. ஆள் வச்சு நான்தான் புதைச்சேன்."

கொழுந்தன் விருட்டென்று திரும்பினான்.

"அண்ணி! தெரிஞ்சுக்கிட்டே சும்மா நின்னீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீங்க மட்டும் சொன்னீங்களா, தம்பி?"

குரல் உயரவில்லை. முந்தானையில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பம்ப்செட் ரூமைப் பார்த்து நடந்தாள். வாசலில் நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை.

விலங்கு 'க்ளிக்' என்றது.

"சார்... அது மாட்டெலும்புன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றான் கொழுந்தன்.

"இவ்வளவு தடி எலும்பு மனுஷனுக்கு ஏதுய்யா?" இன்ஸ்பெக்டர் அவன் தோளில் கை போட்டு ஜீப்பை நோக்கி நடத்தினார். "ஆனாலும் உன்னைப் பாராட்டணும். மானியம் வாங்கிட்டு நிஜமாவே குழி தோண்டின ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்... அதுவும் தனக்கே!"