ஒரு கை அகல ஈரம்

சித்திரை வெயில் சடையங்குப்பத்தையே வறுத்தெடுத்தது. ஊரில் சேறெல்லாம் புழுதியாகிப் போனாலும், கார்குழலியின் வீட்டுச் சுவரில் ஒரு கை அகலத்துக்கு மட்டும் போன மழைக்கால வெள்ளத்து ஈரம் காயவில்லை. மகள் அம்மு தரையில் உட்கார்ந்து சாய்ந்தால் கன்னம் படுகிற உயரம். கணவன் துரை இரண்டு தடவை சிமெண்ட் பூசிப் பார்த்துவிட்டு, உப்புத் தண்ணி அப்படித்தான் என்று லாரி ஓட்டப் போய்விட்டான்.

அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம் பூவம்மாவின் வீடு. பிள்ளை இல்லாதவள். அம்மு மேல் அவளுக்கு உயிர். இரண்டு தட்டு, கொஞ்சம் பொறுத்து ஒரு தட்டு. சுவரில் அவள் அப்படித் தட்டினால் அம்மு இந்தப் பக்கம் சுவரோரம் ஓடிப்போய்ப் பேசுவாள். வெள்ளம் பூவம்மாவைக் கொண்டுபோனதிலிருந்து அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது.

அன்று பொழுது சாயும் நேரம், அம்மு சுவரில் சாய்ந்தபடி இங்கிலீஷ் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். டேம்ப், மாய்ஸ்ட் என்று இரண்டு வார்த்தைகள். இரண்டுக்கும் வித்தியாசம் எழுத வேண்டுமாம்.

"ரெண்டும் ஈரந்தானேடி. இன்னா பெரிய வித்தியாசம்?" என்றாள் கார்குழலி, குழம்பைக் கிண்டியபடி.

"இல்லம்மா. செவுரு, காயாத துணி, அதுல சில்லுனு கீற ஈரம் டேம்ப். யாருக்கும் புடிக்காது. உதட்டுல, நாக்குல கீது பாரு, அது மாய்ஸ்ட். மிஸ் சொல்ச்சு."

கரண்ட் போனது. மின்விசிறி முனகி முனகி ஓய, மணலி எண்ணெய் ஆலைகள் பக்கமிருந்து நாளெல்லாம் வருகிற கேஸ் நாற்றத்துக்கு அடியிலிருந்து, வெள்ளத்தன்று வீட்டுக்குள் புகுந்த எண்ணெய்ச் சேற்றின் வாடை மெல்லக் கிளம்பி, அடுப்பில் கொதிக்கும் குழம்பின் வாசனையையும் மூடிக்கொண்டு வந்து கார்குழலியின் மூக்கை நிறைத்தது. சுவரில் இரண்டு தட்டு. கொஞ்சம் பொறுத்து ஒன்று.

"அம்மா." அம்முவின் குரல் தூக்கத்தில் வருவது போல் இருந்தது. "செவுரு சூடாய்ட்ச்சு. இப்ப இது டேம்ப் இல்ல."

கார்குழலி கரண்டியைப் போட்டாள். இருட்டில் தடவிக்கொண்டே போனாள். கை சுவரில் பட்டது. வெதுவெதுப்பு. மெத்தென்று. சுவர் உள்ளே போனது. வெளியே வந்தது. மூச்சு.

பிள்ளையை இழுத்தாள். கன்னம் சுவரைவிட்டு வரவில்லை. மறுபடி இழுத்தாள். பிய்ந்துகொண்டு வந்தது. வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு.

ஏன் இப்படிச் சில்லிட்டிருக்கிறாள்?

கன்னம். கழுத்து. கை. பிழிந்து காயாத துணி மாதிரி. சேற்று வாடை.

"அம்மா," என்று அம்மு கூப்பிட்டாள். சுவருக்குள்ளிருந்து.

கார்குழலியின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த சின்னக் கை, அவள் முதுகில் மெதுவாகத் தட்டியது. இரண்டு.

கொஞ்சம் பொறுத்து, ஒன்று.