சோடி சேராத பிறேக்

கார் நிற்கவில்லை. எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

யுத்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமை கொழும்பில், வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் கையைக் காட்டினார். அருந்ததியின் அப்பா கதிர்காமநாதன் பிறேக்கை முழுப் பலத்தோடும் மிதித்தார். அந்தக் கிழட்டு மொறிஸ் மைனரோ தன்பாட்டில் உருண்டு, சாவடியைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. அதற்குள் இரண்டு துப்பாக்கிகள் அவர்கள் பக்கம் திரும்பிவிட்டன. பின் இருக்கையில் இருந்த அருந்ததி குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"இனி இந்தப் பிறேக்கோட ஓடேலாது. டிஸ்க் பிறேக்தான் போடவேணும்," என்றார் அப்பா.

அடுத்த சனிக்கிழமை இருவரும் பஸ் ஏறிப் பஞ்சிகாவத்தைக்குப் போனார்கள். மருதானைக்குப் பக்கத்தில், தெரு முழுக்கக் கார்ச் சாமான் விற்கும் இடம் அது. பொறுமை இருந்தால் அங்கே ஒரு முழுக் காரையே துண்டு துண்டாக வாங்கிவிடலாம்.

டிஸ்க் என்பது சில்லோடு சேர்ந்து சுற்றும் ஓர் இரும்புத் தட்டு. பிறேக்கை மிதித்தால் இரண்டு கட்டைகள் அதை இறுக்கிப் பிடிக்கும். இடது சில்லுக்கு ஒன்று, வலது சில்லுக்கு ஒன்று. இரண்டும் ஒரே அளவாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் மதிலில் முட்டும்.

முதல் கடையில் நல்லதாக ஒரு தட்டுத்தான் கிடைத்தது. அதையும் ஒரு கறுப்பு றப்பர்க் குழாயையும் பெட்டியில் போட்டு, கம்பியால் கட்டித் தந்தார்கள். பெட்டி சரியான பாரம். அடுத்ததாக ஷிப்லி நானாவின் கடைக்கு வந்ததும், அப்பா அதை வாசலில் தொப்பென்று வைத்துவிட்டு உள்ளே போய், தட்டின் அளவைக் கையால் காட்டினார்.

"இதே சைஸ்தான் சேர்," என்று ஷிப்லி நானா ஒரு தட்டை நீட்டினார். "கண்ணால பார்த்தாலே தெரியுதே!"

அப்பாவும் பெட்டியைத் திறக்காமலே, கண்ணால் பார்த்துத் தலையாட்டினார்.

அப்போதுதான் வெளியே ஒரு பெண் அலறினாள். "போம்பயக்! போம்பயக்!"

குண்டு என்றதும் தெருவே அல்லோலகல்லோலப்பட்டது. செருப்பை விட்டவர்கள், குடையை விட்டவர்கள், எல்லோரும் ஓடினார்கள். படபடவென்று கடைக் கதவுகள் மூடின. கடைக்குள் நின்ற அருந்ததி எட்டிப் பார்த்தாள். வாசலில் அவர்களுடைய பெட்டி மட்டும் தனியே இருந்தது. மேலே கம்பிக்கட்டு, பக்கத்தில் கறுப்புக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ அப்பா, எங்கட பெட்டியைத்தான் சொல்லீனம்!"

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. கைகளை உயர்த்திக்கொண்டு மெல்ல வெளியே போனார். சந்தியில் நின்ற இரண்டு ஆமிக்காரர்கள் துப்பாக்கியை நீட்டியபடி ஓடிவந்தார்கள். உயரமானவர் அடையாள அட்டையைப் பறித்துப் பார்த்தார். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அதில் இருந்தது.

"பெட்டிக்குள் என்ன?" என்று சிங்களத்தில் அதட்டினார்.

கந்தோர் வேலையில் நாள் முழுக்கச் சிங்களம் கதைக்கும் அப்பாவுக்கு அன்று ஒரு சொல்லும் வரவில்லை. ஆமிக்காரர் அவருடைய கையைப் பிடித்து இழுத்தார்.

அருந்ததிக்கு அழுகை முட்டியது. அழுதுகொண்டு நின்றால் அப்பாவைக் கொண்டுபோய்விடுவார்கள். மேசையில் இருந்த தட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"நில்!"

நின்றாள். தட்டை அவர்கள் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தாள்.

"அண்ணா, அந்தப் பெட்டிக்குள் இருப்பதும் இப்படி ஒன்றுதான்," என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள். "கார் பிறேக். இது அதன் சோடி."

ஆமிக்காரர் தட்டைப் பார்த்தார். பிறகு எல்லோரையும் விலகி நிற்கச் சொல்லிவிட்டு, பெட்டியைத் திறக்கும்படி அப்பாவுக்குச் சைகை காட்டினார். கம்பியை அவிழ்ப்பதற்குள் அப்பாவுக்குச் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. உள்ளே இரும்புத் தட்டும் குழாயும்தான் இருந்தன.

"சோடி என்றாயே, காட்டு பார்ப்போம்," என்றார் ஆமிக்காரர். துப்பாக்கி இன்னும் தாழவில்லை.

அருந்ததி ஒரு தட்டின் மேல் மற்றதை வைத்தாள். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கீழே இருந்த தட்டு சுற்றிவர ஒரு விரல் அகலம் வெளியே தெரிந்தது! ஆமி, துப்பாக்கி எல்லாம் அவளுக்கு மறந்தே போயிற்று.

"அப்பா! இது சோடியே இல்லை! இதைப் போட்டா நாங்கள் மதிலுக்குள்ளதான் போய் நிப்பம். ஷிப்லி நானா, கண்ணால பார்த்தாலே தெரியுதெண்டு சொன்னீங்கள்?"

"பிள்ளை, வாயை மூடு," என்றார் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஏன் மூடவேணும்? நீங்களும்தானே தலையாட்டினீங்கள்!"

ஆமிக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கடையில் குறை பிடிக்கும் சண்டை எந்த மொழியிலும் ஒன்றுதான். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"குண்டு வைக்க வந்தவர்கள் அளவு சரியில்லை என்று சண்டை பிடிப்பார்களா?" என்று தன் கூட்டாளியிடம் சொல்லிக்கொண்டே அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அப்பா பெட்டியின் பக்கத்திலேயே தொப்பென்று குந்திவிட்டார்.

ஷிப்லி நானா மேசைக்கு அடியிலிருந்து அசட்டுச் சிரிப்போடு எழும்பினார். "கொஞ்சம் பொறுங்க மகள், உள்ளுக்கு இன்னும் ஈக்கி," என்று கை நிறையத் தட்டுகளை அள்ளிக்கொண்டு வந்தார். அருந்ததி ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். ஓடிப்போன சனமெல்லாம் திரும்பி வந்து சுற்றி நின்றது.

மூன்றாவது தட்டு அச்சொட்டாகப் பொருந்தியது.

அவள் வாய் திறக்குமுன்பே, "ஹரி, நங்கி!" என்றார் ஆமிக்காரர்; சரி தங்கச்சி என்று அர்த்தம். பஞ்சிகாவத்தையில் துப்பாக்கிக் காவலோடு பிறேக் வாங்கிய ஒரே ஆள் அருந்ததியாகத்தான் இருக்கும்.