உறவுமானியில் ஒரு பச்சை

சினை ஊசி போடுவதற்கு முன் பசுவின் ரத்தத்தில் ஒரு சொட்டை உறவுமானியில் விட வேண்டும். பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு காளையோடும் அதற்கு எத்தனை பங்கு ரத்த உறவு என்று அது கணக்கிடும். அளவு தாண்டினால் சிவப்பு. ஊசிப் பெட்டி திறக்காது. தினமும் காலையில் என் முதல் வேலை இதுதான். பெட்டி கடைசியாக எப்போது திறந்தது என்று மட்டும் கேட்காதீர்கள், எரிச்சல் வரும்.

வெள்ளியங்கிரி வீட்டுப் பசு சிட்டுவை அன்று ஐந்தாவது முறையாகப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு காளைகளும் சிவப்பு.

"எல்லாமே பங்காளிங்களாங்க, டாக்டரம்மா?" என்றார் வெள்ளியங்கிரி.

"எல்லாம் அரசு-9 வழிதானுங்க. பேரன், இல்லீன்னா கொள்ளுப்பேரன்."

அரசு-9, நாளைக்கு நாற்பது லிட்டர் கறந்த பசுவின் மகன். மாவட்டம் முழுக்க அதன் விந்தைத்தான் போட்டோம். அதன் மகளுக்கும் போட்டோம், பேத்திக்கும் போட்டோம். பால் ஏறியது, விருது கொடுத்தார்கள். பிறகு கருக்கள் நாற்பதாம் நாளில் கரைந்தன. காளைகளின் விந்திலும் பாதி உயிரணுக்கள் நீந்தவில்லை. அதற்கப்புறம்தான் இந்த உறவுமானி வந்தது.

மூன்று வருடம் சினை நிற்காத பசுவுக்குத் தீவனப் பங்கீடு கிடையாது, அடிமாட்டு லாரியில் ஏற்றிவிடுவார்கள். சிட்டுவுக்கு வெள்ளிக்கிழமை கெடு.

"நகல் கன்னு செய்யறாங்கன்னாங்களே?"

"ஒண்ணுகூட மூணு நாள் தாண்டலீங்க. அந்த ஆய்வுக்கூடத்தையே மூடியாச்சு."

அவர் கொட்டகை மூலையில் நின்ற வண்டிமாட்டைக் காட்டினார். "அதையும் ஒருக்கா வெச்சுப் பாருங்க."

"அது பதிவுல இல்லீங்களே."

"சும்மா பாருங்க."

வாதாடத் தெம்பில்லை. அதன் காதில் குத்தி ஒரு சொட்டு எடுத்து விட்டேன்.

பச்சை எரிந்தது. அந்த விளக்கு இயந்திரத்தில் எங்கே இருக்கிறது என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. "இணை கிடைத்தது. விந்து சேகரிக்கவும்" என்றது உறவுமானி, உற்சாகமான பெண் குரலில்.

எட்டு வருடத்துக்கு முன் தரக்குறைவுக் காளை ஒழிப்பு ஆணை வந்தது: பதிவில் இல்லாத காளைக்கெல்லாம் காயடிக்க வேண்டும். இந்த மாடு அப்போது இளங்காளை. மலையடிவாரச் சந்தையில் வாங்கிய நாட்டுப் பசுவுக்குப் பிறந்தது. இது ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள் என்று வெள்ளியங்கிரி கெஞ்சினார். கறவை இல்லாத வம்சத்துக்கு வக்காலத்து வாங்காதீர்கள் என்று சிரித்துக்கொண்டே காயடித்தது நான்தான். ஆணை போட்டவர்களை எத்தனை வேண்டுமானாலும் திட்டலாம். இடுக்கி என் கையில் அல்லவா இருந்தது.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமாங்க?"

"சந்தேகந்தானுங்க. சொன்னா யாரு காதுல போட்டுக்கிட்டீங்க?"

அவர் அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. உறவுமானி மறுபடியும் விந்து சேகரிக்கச் சொன்னது, அதை அணைத்தேன். வெள்ளியங்கிரி சிட்டுவின் கயிற்றை அவிழ்த்து வந்து என் கையில் கொடுத்தார்.

"வெள்ளிக்கெழம வரைக்கும் இது மூஞ்சியப் பார்த்துட்டு இருக்க என்னால ஆவாதுங்க. நீங்களே ஓட்டிட்டுப் போயிருங்க."