பெடலை விடாத கால்

சுனாமி வந்துபோய் நான்கு மாதம் முடிந்திருந்தது. மே மாதத்தின் முதல் திங்கட்கிழமை, காலை பத்து மணி வாக்கில், மரக்காணத்தில் சகாயநாதனின் பட்டறைக்கு முன்னால் ஒரு மினி லாரி வந்து நின்றது. அதன் மேல் கயிறு போட்டுக் கட்டிய ஒரு கார். இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, கரும்பச்சை நிறம். நாற்பது வருடத்துக்கு முந்தைய சீமை ஸ்போர்ட்ஸ் கார்.

கூட வந்தவர் பெரிய முதலியார்சாவடியில் விடுதி நடத்தும் பிரபாகரன். முப்பத்தேழு வயதிருக்கும். வண்டி அவருடைய அப்பாவுடையதாம். முப்பது வருடம் அதை ஷெட்டில் போட்டுப் பூட்டியே வைத்திருந்தாராம். போன வருடம் அவர் இறந்த பிறகுதான் பூட்டைத் திறந்தார்களாம். இன்ஜின் வேலையைப் புதுச்சேரியிலேயே முடித்தாகிவிட்டது. பாக்கி இருந்தது பிரேக் மட்டும்தான்.

பிரபாகரன் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய, பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் புது மாஸ்டர் சிலிண்டரை எடுத்து நீட்டினார்.

"பழசு வேணாம் சகாயம். அதுல எங்க ஒரு சொட்டு லீக் ஆனாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போயிடும். இது ரெண்டு அறை வெச்சது. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பிடிக்கும். என் பொண்ண பக்கத்துல உக்கார வெச்சு ஓட்டப்போறேன். அதான்."

சகாயநாதன் தலையாட்டினான். பழைய காராக இருந்தாலும் உப்பு லாரியாக இருந்தாலும் இப்போது அவனுக்கு எல்லாம் ஒன்றுதான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவன் மனைவி லீமாவைக் கடல் கொண்டுபோனது. மூன்றாம் நாள் அடையாளம் காட்டக் கூப்பிட்டார்கள். பார்த்து, ஆமாம் என்று சொல்லிவிட்டு, திரும்பி வந்து ஒரு டிராக்டருக்குக் கிளட்ச் மாற்றினான். துக்கம் கேட்க வந்த பெண்கள் அழுதார்கள். அவன் அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். கோயிலில் பூசை வைத்தபோதும் கண்ணில் ஈரம் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் போடும் ஊசி உடம்பு முழுக்க ஏறிவிட்டதுபோல இருந்தான்.

பழைய சிலிண்டரைக் கழற்ற ஒரு நாள் பிடித்தது. உள்ளே ரப்பர் உப்பிப்போய், சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான்.

உப்பு.

காற்றே புகாத இடத்துக்குள் உப்பு எப்படி வந்தது என்று ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு துணியில் துடைத்துப் போட்டுவிட்டான். மறுநாள் புதியதற்குத் துளை போட்டு, குழாய்களை வளைத்து மாட்டி, பிரேக் ஆயிலை ஊற்றினான். புதன்கிழமை உச்சி வேளையில், குழாய்க்குள் சிக்கியிருக்கும் காற்றை வெளியேற்றும் வேலைதான் மிச்சம்.

அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் அடியில் படுத்து, சக்கரத்தின் பக்கம் இருக்கும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். பதினோரு வருடம் லீமாதான் மிதித்தாள். அவள் போன பிறகு டீக்கடை முருகையன் வந்து உட்காருவார். அன்று அவர் திண்டிவனத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். பெடலுக்குக் கட்டை முட்டுக்கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டே சகாயநாதன் அடியில் நுழைந்து, பின்பக்க இடது சக்கரத்தில் ஸ்பேனரை மாட்டினான்.

உப்பளத்தில் வேலை செய்பவர்கள் காலையிலேயே கரையேறிவிட்டிருந்தார்கள். காற்று நின்றிருந்தது. வெளியே பாத்திகள் கண்கூசும் வெள்ளையாய்க் கிடந்தன. வெயிலில் உப்பு காய்ந்து விரியும் சத்தம், யாரோ அப்பளத்தை நொறுக்குவதுபோல, விட்டுவிட்டுக் கேட்டது.

கட்டையை எடுத்துவர மறந்துவிட்டோம் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"பிடி."

தலைக்கு மேல் சீட்டின் ஸ்பிரிங் முனகியது.

நிப்பிளைத் திறந்தான். ஆயில் குமிழி குமிழியாகப் பீறிட்டு வந்தது. மூடினான்.

"விடு."

பெடல் மேலே போகும் சத்தம் கேட்டது.

நான்கு சக்கரமும் முடிந்து வெளியே வந்தபோதுதான், தான் தனியாக இருப்பது அவனுக்கு நினைவு வந்தது. காருக்குள் யாரும் இல்லை. பெடலின் ரப்பரில் கைவைத்தான். பட்டறையின் தகரக் கூரை பொரிந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், அது சில்லென்று இருந்தது.

அவனுக்குப் பயம் வரவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, கஞ்சி குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் படுத்தான். படுத்தபடியே ஒரே ஒரு பெயரை மட்டும் நினைத்தான்.

வியாழக்கிழமை உச்சிப்பொழுதில், சரியாக இருந்த பிரேக்கை அவனே கெடுத்தான். ஒரு குழாயைத் தளர்த்தி, உள்ளே காற்று போகவிட்டான். பிறகு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

"லீமா, பிடி."

பெடல் இறங்கியது.

நான்கு மாதமாக யாரிடமும் சொல்லாததை அவன் அப்போது சொன்னான். வண்டியின் துருப்பிடித்த வயிற்றைப் பார்த்தபடி, தணிந்த குரலில்.

"அன்னிக்கு நீ வேணாம்னுதான் சொன்ன. நேத்து கறிய சுட வெச்சிக்கலாம்னு சொன்ன. எனக்குத்தான் மீன் வேணும்னு இருந்துச்சு. நான்தான் உன்ன கரைக்கு அனுப்பினேன்."

நிப்பிளைத் திறந்து மூடினான்.

"விடு" என்றான்.

பெடல் ஏறவில்லை.

வெளியே ஊர்ந்து வந்து, திறந்திருந்த கதவு வழியே எட்டிப் பார்த்தான். பெடல் மிதிபட்டே இருந்தது. ரப்பரின் நடுவில் குழி விழுந்திருந்தது. யாரும் இல்லாத அந்த இடத்தில் பெடல் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. பலமெல்லாம் சேர்த்து நெடுநேரம் அழுத்திய கால் எப்படி நடுங்குமோ, அப்படி.

பாவம், களைத்துவிட்டாள் என்று நினைத்தான். மன்னித்துவிட்டதால்தான் விட மனமில்லாமல் பிடித்திருக்கிறாள் என்றும் நினைத்தான். தரையில் உட்கார்ந்து, பெடல் தானாக ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். லீமா கடற்கரைக்குப் போன நாளிலிருந்து முதன்முறையாக அவன் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அசைந்தது.

வெள்ளிக்கிழமை வேலை முடியவில்லை என்று பிரபாகரனுக்குப் போனில் சொன்னான். அன்றும் உச்சியில் குழாயைத் தளர்த்தினான். மாலைவரை பேசினான்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு, போன் செய்யாமலேயே பிரபாகரன் வந்துவிட்டார். புது சிலிண்டரைக் குனிந்து பார்த்தார். வண்டிக்குள் உட்காராமல், கதவைப் பிடித்தபடி நின்று, வெகுநேரம் பெடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சகாயநாதன் எதுவும் கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தார்.

அது எழுபத்துநாலாம் வருடம். அப்போது அவர்கள் வீடு மரக்காணத்தில்தான். அப்பாவுக்குச் சொந்த உப்பளம். அம்மா பெயர் அம்சவள்ளி. இந்த ஊரில் அன்று கார் ஓட்டிய ஒரே பெண்பிள்ளை. ஆறு வயது மகனைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவர மத்தியானம் இதே காரில் கிளம்பினாள். உப்பளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கால்வாய்க்கரையில் திரும்பும்போது பிரேக் பிடிக்கவில்லை. கார் நேராகத் தண்ணீருக்குள் போய்விட்டது. மகன் சாயங்காலம்வரை பள்ளிக்கூட வாசலில் நின்றான்.

"மறுநாள்தான் வண்டிய தூக்கினாங்க. அப்பா சாகறதுக்கு முன்னாடிதான் என்கிட்ட சொன்னாரு. அம்மாவோட ரெண்டு காலும் பெடல் மேலயே இருந்துச்சாம். எடுக்கவே முடியலியாம்."

சகாயநாதன் கையிலிருந்த துணியை மடித்தான். மறுபடியும் மடித்தான்.

அந்த நடுக்கம்.

சீட்டின் முனகல்.

அது லீமா இல்லை.

அவன் சொன்னதெல்லாம் வேறொரு பெண்ணிடம் போய்ச் சேர்ந்திருந்தது. முந்தாநாள் அசைந்த அந்த ஒன்று மறுபடியும் அடங்கிப்போவதை அவன் உணர்ந்தான். அது வலிக்கக்கூட இல்லை.

குழாயை இறுக்கி, வேலையை ஒழுங்காக முடித்துக் கொடுத்தான். முருகையன் வந்து மிதித்தார். எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பெடல் பாதியிலேயே கல்லுப்போல நின்றது. முருகையன் கடைக்குப் போன பிறகு பிரபாகரன் ஏறி உட்கார்ந்து, இன்ஜினைக் கிளப்பி, கியர் போட்டார்.

வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது.

மறுபடியும் கிளப்பினார். மறுபடியும் அணைந்தது.

"பிரேக் பிடிச்சே இருக்குது சகாயம். பெடல் மேல வரல. என் கால் அதுமேலயே இல்ல."

அவர் முகம் வேர்த்திருந்தது. கடையில் போய் ஒரு சோடா குடித்துவிட்டு வரச்சொல்லி சகாயநாதன் அவரை அனுப்பினான். அவர் சாலையைக் கடக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, கதவோரம் முட்டிபோட்டு உட்கார்ந்தான். பெடல் தரைப் பக்கம் அமுங்கி நடுங்கிக்கொண்டிருந்தது. கால்வாய்ச் சேற்றின் வாடை மெல்ல வந்தது. சீட்டைப் பார்க்காமல், பெடலை மட்டும் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அம்மா. புது சிலிண்டர் போட்டாச்சு. நானே போட்டேன். இனிமே ஏமாத்தாதும்மா."

நடுக்கம் நிற்கவில்லை.

"உங்க பையன் வளர்ந்துட்டாருங்க. பள்ளிக்கூடத்துல நிக்கல. இங்கதான் இருக்காரு. அவருதான் ஓட்டப்போறாரு. கால எடுங்கம்மா."

வெளியே உப்பு விரியும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"விடுங்கம்மா."

பெடல், ஒரு நூல் ஒரு நூலாக, மேலே வந்தது.

பிரபாகரன் திரும்பி வந்து கிளப்பியதும் வண்டி வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. பட்டறைமுன் இரண்டு முறை வேகமாக ஓட்டி, மிதித்துப் பார்த்தார். இரண்டு முறையும் கோடு கிழித்ததுபோல நின்றது. அவர் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். சகாயநாதனின் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். பிறகு சாலையில் ஏறி, புதுச்சேரிப் பக்கம் திரும்பினார்.

சாலை நெடுந்தூரம் நேராகப் போகும். சகாயநாதன் நெற்றியில் கைவைத்து வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தான். கார் வேகமெடுத்துக்கொண்டே போனது. பின்னால் இரண்டு பிரேக் விளக்கும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன. கண்ணுக்கு மறையும்வரை அவை அணையவே இல்லை.

மனிதர் தெரியாமல் பெடல்மேல் காலை வைத்தபடியே ஓட்டுகிறார், இப்படி ஓட்டினால் பிரேக் தேய்ந்துவிடும், கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அப்படி நினைத்துக்கொண்டு உள்ளே போய் போனை எடுத்தான்.

போன் இருந்த மேசையில் ஒரு செய்தித்தாள் பொட்டலம். பிரித்துப் பார்த்தான். புதுச்சேரியில் மாட்டிக்கொள்ளச் சொல்லிப் பிரபாகரனிடம் கொடுத்தனுப்ப மறந்துபோன, வயர் சரியில்லையென்று அந்தக் காரிலிருந்து அவனே கழற்றிவைத்த இரண்டு பிரேக் பல்புகள்.

சகாயநாதன் போனைக் கீழே வைத்தான்.