காசுப் பேச்சு இல்லாத வீடு

"அம்மா, நாம ஏழைங்களா, பணக்காரங்களா?"

"சாப்பிடுற நேரத்துல இந்தப் பேச்சு வேண்டாம்."

"நான்தான் தட்டைக் கழுவி வெச்சுட்டேனே. இப்போ சொல்லுங்க."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பதில் சிரிப்பாக இல்லை.

"எங்க வீட்ல சாப்பிட உட்கார்ந்தாலே எங்கப்பா காசைப் பத்திக் கத்துவார். யாரு எவ்வளவு தின்னீங்கன்னு கேட்பார். தட்டு பறக்கும். என் பிள்ளைங்களுக்கு அது வேண்டாம். நம்ம வீட்ல காசுப் பேச்சே கிடையாது. புரிஞ்சுதா?"

அப்படிக் கேட்டபோது மகளுக்கு ஆறு வயது. புரிந்தது என்று தலையாட்டினாள். இன்னொன்று கேட்க நினைத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டாள்.

இப்போது அவளுக்குப் பதினொன்று. சத்தமில்லாமல் நடப்பாள், சத்தமில்லாமல் யோசிப்பாள். அதனால் வீட்டில் அவள் பெயர் பூனை. தம்பியின் பெயர் ரேடியோ. காதில் விழுந்ததையெல்லாம் ஒலிபரப்பிவிடுவான்.

அம்மாவுக்குச் சலவைக் கடையில் துணி தேய்க்கும் வேலை. நாள் முழுக்க நின்றபடியேதான். மாலையில் கால்கள் வீங்கி, செருப்புக்குள் நுழைய மாட்டோம் என்று அடம்பிடிக்கும். அப்பாவுக்கு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. "இந்த மாசத்தோட நீ வேலையை விட்டு நின்னுக்கோ. நான் இருக்கேன்ல," என்று அப்பா ஒருநாள் சொன்னார். அதற்கு மேல் யாரும் எதையும் கேட்கவில்லை. அந்த வீட்டில் கேட்கும் வழக்கம் இல்லை.

பிறகு ஒரு வியாழக்கிழமை பள்ளியில் தண்ணீர்க் குழாய் உடைந்து, பாதி நாளிலேயே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். பூனை நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் சந்து வழியாக வந்தாள். அங்கே, குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்துப் பெஞ்சில், தொழிற்சாலைச் சட்டையோடு அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் திறக்காத சாப்பாட்டு டப்பா.

முதலில் ஷிஃப்ட் மாறிவிட்டது என்றார். பூனை பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு அவரே சொன்னார். தொழிற்சாலையை மூடிவிட்டார்களாம். தினமும் வேலை தேடி அலைகிறாராம். போகிற இடத்திலெல்லாம் முதலில் வயதைக் கேட்கிறார்களாம்.

"அம்மாகிட்ட நானே சொல்றேன். நீ சொல்லிடாதே, கண்ணு."

"எப்போ சொல்வீங்க?"

"சொல்றேன்."

டப்பாவில் இருந்ததில் பாதியை அவளுக்குக் கொடுத்தார். இருவருக்கும் இறங்கவில்லை.

அப்பா சொல்லவில்லை. ஊரார் துணியையெல்லாம் தேய்த்துவிட்டு வந்த அம்மா, ஒவ்வொரு மாலையும் அந்தத் தொழிற்சாலைச் சட்டையையும் மடிப்புக் கலையாமல் தேய்த்து மாட்டினாள். பூனையால் அதைப் பார்க்க முடியவில்லை. வேறு அறைக்குப் போய்விடுவாள்.

சுவரில் இருந்த கடிகாரம் ரிப்பேருக்குப் போனது, திரும்பவில்லை. சைக்கிளும் போனது. "அப்பாவோட சைக்கிள் ரிப்பேர் கடையிலேயே குடியேறிடுச்சு," என்று ரேடியோ அறிவித்தான். அம்மா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். பூனை சிரிக்கவில்லை.

அந்த மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலை, அம்மா வெந்நீரில் கால்களை வைத்துக்கொண்டு ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தாள். நாளை காலை வேலையை விடுவதாக முதலாளியிடம் சொல்லப் போகிறாள். அவளுடைய இடத்துக்கு வேறொரு பெண் காத்திருக்கிறாள். சொல்லிவிட்டால் மறுபடி அந்த வேலை கிடைக்காது.

பூனை மாடிப்படிக்கு ஓடினாள். அப்பா அங்கே இருட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்கே சொல்லுங்கப்பா."

"காசுன்னு வாயெடுத்தாலே அவ முகம் செத்துடும். சின்ன வயசுல அவ பட்டது உனக்குத் தெரியாது."

"தெரியும்பா."

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். காலையில் சொல்லிவிடுவதாக முணுமுணுத்தார். காலையில் அவர் எழுவதற்கு முன்பே அம்மா கிளம்பிவிடுவாள். அது இருவருக்கும் தெரியும்.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். "இனிமே அம்மா வீட்லயே! கேட்கத் தவறாதீர்கள்!" என்றான் ரேடியோ. அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அம்மா அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். அவள் நம்பவில்லை. ஏன் என்று கேட்கவும் இல்லை. தன் தட்டை மெல்லத் தள்ளிவைத்தாள்.

யாரும் கத்தவில்லை. ஆனாலும் இங்கே யாரும் சாப்பிடவில்லையே என்று பூனை நினைத்தாள்.

அப்பாவின் ரகசியத்தை அவள் சொல்லக் கூடாது. அது அவர்தான் சொல்ல வேண்டியது. ஆனால் அவர் சொல்வதற்குக் கதவைத் திறந்துவிடலாம் இல்லையா?

அவள் எழுந்து போய் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். ரொம்ப வருஷமா கேட்கணும்னு நினைச்சுட்டிருக்கேன்."

"என்னடி, பீடிகையெல்லாம் பலமா இருக்கு?"

 பூனை அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எதிரே அப்பா மூச்சுவிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம வீட்லயும் காசைப் பத்திப் பேசலாம்மா. கத்தாம பேசலாம். எனக்கும் தம்பிக்கும் தெரியற மாதிரி, நாலு பேருமா உட்கார்ந்து பேசலாம்."